கிழக்குக்கரைக்கு டிரிப் கேட்டவர்

அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். லோரி ஓட்டுகிறவர் உட்காராமல் எப்படி ஓட்டுவார்? ஆனால் ஸ்டியரிங் கையில் இல்லாத நேரத்தில் அவரால் ஓர் இடத்தில் இருக்க முடியாது. டெலிவரி காகிதத்தில் கையெழுத்துப் போட என் ஜன்னலுக்கு வந்தால், அந்த இரண்டு நிமிடத்துக்குள் ஸ்டேப்ளரைத் திறந்து பார்ப்பார், நாட்காட்டியில் தாளைக் கிழிப்பார், மின்விசிறியின் கழுத்தில் தளர்ந்த திருகைத் தன் வீட்டுச் சாவியால் முடுக்கிவிடுவார். "உட்காருங்கண்ணே" என்றால், "இல்ல தேவி, இப்பதான் முன்னூறு கிலோமீட்டர் உட்கார்ந்துட்டு வரேன்" என்பார். பத்துக் கிலோமீட்டர் ஓட்டி வந்த நாளிலும் அதே பதில்தான்.

நான் அப்போது போர்ட் கிள்ளானில் ஒரு கண்டெய்னர் லோரி கம்பெனியில் டிஸ்பாட்ச் வேலை பார்த்தேன். எந்த லோரி, எந்தக் கண்டெய்னர், எத்தனை மணிக்கு எந்த கேட் என்று டிரைவர்களுக்கு டிரிப் பிரித்துக் கொடுக்கும் வேலை. இருபத்து நான்கு டிரைவர்கள். அவருக்கு வயது நாற்பத்து மூன்றோ நான்கோ. ஒல்லியான உடம்பு, வெயிலில் செம்பட்டை பாய்ந்த தலைமுடி. அவரைவிட மூத்தவர்கள்கூட அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். துறைமுக வாசலில் லோரிகள் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் வரிசையில் நிற்கும்போது மற்றவர்கள் சீட்டைச் சாய்த்துத் தூங்குவார்கள். இவர் இறங்கி வரிசை முழுக்க நடப்பார். முன்பின் தெரியாத ஆளுடைய டயரைக் காலால் தட்டி, "பாஸ், இதுல காத்து குறையுது" என்று எழுப்பிச் சொல்வார். தூக்கம் கெட்டவன் திட்டுவான். இவர் அடுத்த லோரிக்குப் போய்விடுவார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு கடலில் அலைமேல் ஏறி நிற்கிற பைத்தியம் பிடித்தது.

டெங்கில் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டைகளில் நீந்தப் பழகியவர். கடலை நாற்பது வயதுவரை துறைமுக வேலிக்குப் பின்னால் மட்டும்தான் பார்த்திருந்தார். ஒரு மழைக்காலத்தில் கிழக்குக்கரையில் இருக்கும் குவாந்தான் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் கொண்டுபோனபோது, கடல் கொந்தளிப்பில் கப்பல் கரைக்கு வர முடியாமல் இரண்டு நாள் தாமதமானது. மற்ற டிரைவர்கள் லோரியிலேயே படுத்துக் கிடந்தார்கள். இவர் யாருடைய மோட்டார் சைக்கிளிலோ தொற்றிக்கொண்டு செராத்திங்வரை சாப்பிடப் போயிருக்கிறார். அங்கே கடற்கரையில் இளைஞர்கள் பலகைமேல் நின்றுகொண்டு அலையோடு வருவதைப் பார்த்திருக்கிறார்.

"தண்ணி ஓடுது தேவி. பலகையும் ஓடுது. அதுமேல அவன் மட்டும் அப்படியே நிக்கிறான்" என்று என் ஜன்னலில் நின்று சொன்னார். புருவத்துக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அன்று மதியமே பலகையை வாடகைக்கு எடுத்து இறங்கி, நான்காவது தடவை விழுந்தபோது பலகையின் மூக்கு நெற்றியில் இடித்துவிட்டதாம். மூன்று தையல். நெஞ்சு முழுக்கப் பலகை உரசிய சிவப்பு. சட்டையின் மேல் பொத்தான்களைத் திறந்து, பள்ளிப் பரிசைக் காட்டுவதுபோல அதைக் காட்டினார்.

அதற்குப் பிறகு நவம்பர் பிறந்தால் போதும், கிழக்குக்கரை டிரிப் கேட்டு வந்து நிற்பார். அந்த நான்கு மாதம் அங்கே போக மற்ற டிரைவர்களுக்குப் பிடிக்காது. காராக் மலைப்பாதையில் மழை, வழியெல்லாம் வெள்ளம், துறைமுகத்தில் காத்திருப்பு. ஆளுக்கொரு காரணம் சொல்லி நழுவுவார்கள். எனவே இவர் கேட்டு வந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது. அட்டவணையில் குவாந்தான் என்று எழுதிய கையோடு அவர் பெயரையும் எழுதிவிடுவேன். சொந்தமாக ஏழடிப் பலகை ஒன்று வாங்கிவிட்டார். டிரைவர் படுப்பதற்காக சீட்டுக்குப் பின்னால் இருக்கும் மெத்தையில், பழைய போர்வை சுற்றி, அது படுத்திருக்கும். அவர் சீட்டிலேயே சாய்ந்து தூங்கிக்கொள்வார்.

காயங்கள் வர ஆரம்பித்தன. ஒரு திங்கட்கிழமை தொடையில் கட்டு. பலகைக்கு அடியில் திசை திருப்புவதற்காக மீன் துடுப்பு மாதிரி ஒன்று இருக்கும். அது கத்திபோல இறங்கியிருக்கிறது. இன்னொரு தடவை கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையவில்லை. கரையோரம் மணலில் புதைந்து கிடந்த திருக்கை மீனை மிதித்துவிட்டார். "பிளாஸ்க்ல சுடுதண்ணி வச்சிருக்கணும் தேவி. பொறுக்கிற சூட்டுல காலை அதுல வுடணும். வலி அடங்கும்" என்று எனக்கு என்னவோ நாளைக்கே உதவப்போவதுபோல விளக்கினார்.

எங்கள் கம்பெனியில் விபத்து நடந்தால் டிரைவர் ஒரு படிவம், எங்கள் பேச்சில் பாரம், எழுதித் தர வேண்டும். அப்படி நூறு பாரமாவது நான் படித்திருப்பேன். மோட்டார் குறுக்கே வந்தது, முன்னால் போன காடி திடீரென்று நின்றது, கேட்டில் நின்ற கார்டு கையைத் தப்பாகக் காட்டினான். தவறு எப்போதும் அடுத்தவனுடையதாகத்தான் இருக்கும். இவர் கடலைப் பற்றிப் பேசும்போது அதற்கு நேர்மாறு. "அலை மேல தப்பு இல்ல. விழும்போது பலகைய விட்டுட்டேன். விட்ட பலகை திரும்பி நம்மகிட்டதான் வரும்னு தெரியணும்லா." அடுத்த வாரம்: "நான் நின்ன இடம் தப்பு. அங்க ஆழம் இடுப்பளவுகூட இல்ல. தலைகீழா பாய்ஞ்சிருந்தா கழுத்து போயிருக்கும்." இதைச் சொல்லும்போது கழுத்தை இடமும் வலமும் திருப்பிக் காட்டுவார்.

ஒரு பருவத்தில் அவர் என்னிடம் பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். என்மேல் ஏதோ கோபம் என்று நினைத்து நானும் இரண்டு வாரம் முறைப்பாகவே இருந்தேன். பக்கவாட்டில் விழுந்ததில் தண்ணீர் அறைந்து வலது காது ஜவ்வு கிழிந்திருந்தது. கேட்கிற காதை எனக்குக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

மோதிர விஷயம் வேறு. பலகையிலிருந்து கால்வரை கட்டும் கயிறு ஒன்று உண்டு. அலை இழுத்தபோது அதை அவர் கையால் பிடிக்க, மோதிர விரலில் சுருண்டு இறுக்கிவிட்டது. திங்கட்கிழமை, லோரிகள் நிற்கும் எங்கள் யார்டுக்கு வந்தபோது விரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. மோதிரத்தைக் கழற்ற முடியவில்லை. எங்கள் ஒர்க்‌ஷாப் மெக்கானிக்தான் சின்னக் குறடால் அதை வெட்டி எடுத்தார். அது கல்யாண மோதிரம். வெட்டுப்பட்ட மோதிரத்தை ஒரு கடித உறையில் போட்டு என்னிடம் நீட்டினார்.

"நீ வச்சிரு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போக தைரியம் இல்ல."

"கையில மோதிரம் இல்லன்னா அக்காவுக்குத் தெரியாதாண்ணே?"

"தெரியும். ஆனா வெட்டுனது தெரியாதுல்ல."

எட்டு மாதம் அது என் மேசை இழுப்பறையில் கிடந்தது. எனக்குச் சம்பந்தமில்லாத ஒரு குடும்பத்தின் பொருளை ஒளித்துவைத்திருக்கிறோமே என்று இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் உறுத்தும்.

உறுத்த வேண்டியது வேறொன்று. அது பிறகுதான் புரிந்தது. ஒரு முறை குவாந்தானிலிருந்து திரும்பியவர் கையெழுத்துப் போட வலது கையைத் தூக்க முடியாமல், இடது கையால் அதைத் தூக்கி என் ஜன்னல் விளிம்பில் வைத்தார். தோள்மூட்டு நழுவி, செராத்திங்கில் பலகை வாடகைக்குக் கொடுக்கும் மலாய்க்காரர் அதை இழுத்துச் சேர்த்துவிட்டிருக்கிறார்.

"இந்தக் கையோடவா ஓட்டிட்டு வந்தீங்க?"

"கியர் மாத்துறது இடது கைதானே. ஒன்னும் இல்லலா."

பின்னால் நாற்பதடிக் கண்டெய்னர், மழையில் மலைப்பாதை, ஒற்றைக் கை. அன்றைக்கே நான் முதலாளியிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அவரைக் கிழக்குக்கரைக்கு அனுப்ப முடியாது. அவரை அனுப்ப முடியாவிட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை. வீட்டுக்குப் போய் எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன்.

அவர் மனைவி பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் சேலைக்கு ரவிக்கை தைக்கிறவர். தீபாவளிக்கு நான் துணி கொண்டுபோனேன். அளவு எடுத்துக்கொண்டே பெயர் கேட்டார். சொன்னதும் அளவு நாடா என் தோளிலேயே நின்றது.

"நீங்கதானா டிரிப் போடுறது?"

"ஆமாக்கா."

அவர் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். சண்டை போடப்போகிறார் என்று நினைத்தேன். போடவில்லை.

"வீட்டுல அவர் படுற பாட்டை நீங்க பார்த்ததில்ல. தூங்கும்போதும் கால் ஆடிக்கிட்டே இருக்கும். போன மாசம் அலமாரியைப் பிரிச்சிப் போட்டுத் திரும்ப மாட்டுனாரு. எதுக்குன்னு கேட்டா, கதவு சத்தம் போடுதாம். அது சத்தமே போடல. அந்தக் கடலுக்குப் போயிட்டு வந்த அன்னைக்கு மட்டும்தான் அசையாம தூங்குறாரு. அதனாலதான் இத்தனை நாள் நானும் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

பிறகு மெதுவாகச் சொன்னார். "நான் துணியில தைக்கிறேன். அவர் உடம்புல யார் யாரோ தைக்கிறாங்க. நான் சொன்னா கேட்க மாட்டாரு. நீங்க டிரிப் போடலன்னா அவரால போக முடியாது. உங்க கையிலதான் இருக்கு."

கைப்பையில் கொண்டுபோயிருந்த கடித உறையை எடுத்துக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார். குண்டூசி டப்பாவில் மோதிரத்தைப் போட்டு மூடிவிட்டு, என் கைச்சுற்றளவை எடுத்து எழுதினார்.

தீபாவளி முடிந்ததிலிருந்து ஏழு வாரம் அவருக்குக் கிழக்குக்கரை கொடுக்கவில்லை. துறைமுகத்திலிருந்து ஷா ஆலாம் கிடங்கு, கிடங்கிலிருந்து துறைமுகம். அவர் காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். தினமும் காலையில் அட்டவணையைப் பார்ப்பார், போவார். பிறகு அவருடைய நடை அதிகமாயிற்று. யார்டைச் சுற்றி நடந்தார். பழைய டயர்களை அளவுவாரியாக அடுக்கினார், மறுநாள் கலைத்து வேறு மாதிரி அடுக்கினார். கேட் கார்டோடு, எழுதும் புத்தகத்தை எந்தப் பக்கம் வைப்பது என்பதற்காகச் சத்தம் போட்டுச் சண்டை பிடித்தார். பதினொரு வருடத்தில் ஒரு கீறல்கூட வைக்காதவர், யார்டிலேயே பின்னால் எடுக்கும்போது தூணில் இடித்தார். விபத்துப் பாரத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: நான் கவனிக்கவில்லை.

ஜனவரியில் ஒரு வாரம் இரண்டு டிரைவர்களுக்குக் காய்ச்சல். குவாந்தானுக்கு அவசர டிரிப். வெள்ளிக்கிழமை இறக்கி, சனிக்கிழமை காலையில் அங்கே ஒரு தொழிற்சாலையில் இரும்பு ஏற்றி, இரவுக்குள் போர்ட் கிள்ளான் வர வேண்டும். அட்டவணையில் அவர் பெயரை எழுதினேன். அவர் மனைவிக்குச் சொல்லவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் என் கணவரிடம், "நாளைக்கு செராத்திங் போயிட்டு வரலாமா?" என்று கேட்டேன். யாரை எங்கே அனுப்பிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு தடவையாவது பார்க்க வேண்டும்போல இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. அவருடைய லோரி பெரிய சாலையின் ஓரத்தில், இருபது டன் இரும்போடு நின்றிருந்தது. கடல் சாம்பல் நிறத்தில் இருந்தது. தூறல். தூரத்தில் ஏழெட்டுப் பேர் பலகைகளில் மிதந்துகொண்டிருந்தார்கள். அதில் அவர் யார் என்று கண்டுபிடிக்க எனக்கு நேரம் பிடித்தது. காரணம், நான் அசைகிற ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அவர் பலகைமேல் கால்களைத் தொங்கவிட்டு, கைகளைத் தொடைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார். அலைகள் அவரைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தன. மற்றவர்கள் முந்திக்கொண்டு ஒவ்வோர் அலைக்கும் பாய்ந்தார்கள். இவர் விட்டுக்கொண்டே இருந்தார். இருபது நிமிடம் இருக்கும். தலையைக்கூடச் சொறிந்துகொள்ளவில்லை. அவர் மனைவி இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பிறகு ஒன்று வந்தது. கரையிலிருந்தே அது மற்றவற்றைவிடப் பெரியது என்று தெரிந்தது. அவர் பலகையைத் திருப்பினார். நான்கு தடவை கையால் துடுப்பு வலித்தார். எழுந்து நின்றார். பாய்ந்து எழவில்லை, நாற்காலியிலிருந்து எழுவதுபோல நிதானமாக எழுந்தார். அலை அவருக்குப் பின்னால் சுவர்போல உயர்ந்தது. அதன் பக்கவாட்டில், உடையாத பக்கமாகவே, அவர் சாய்ந்து போனார். போய்க்கொண்டே இருந்தார். ஒரு கையை நீட்டித் தண்ணீர்ச் சுவரைத் தொட்டுக்கொண்டு, மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே நடப்பவர்போல. கடைவாசலில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். பலகை வாடகைக்கடைக்காரர் வாயில் இருந்த சிகரெட்டை எடுத்துவிட்டுப் பார்த்தார்.

"இவரா உங்க டிரைவரு?" என்றார் என் கணவர்.

தலையை ஆட்டினேன்.

கரைக்கு அருகில் அலை மொத்தமாக மடிந்து விழுந்தது. அவர் உள்ளே போனார். பலகை மட்டும் மேலே எகிறிச் சுழன்று அதே இடத்தில் விழுந்தது. சில நொடிகள் ஒன்றுமில்லை. பிறகு அவர் எழுந்து, இடுப்பளவுத் தண்ணீரில் பலகையை இழுத்துக்கொண்டு நடந்துவந்தார். ரத்தம் இல்லை. என்னைப் பார்த்ததும் சிரித்தார். எனக்கு உயிர் வந்தது.

"நீ எப்ப வந்த?"

"இப்பதான். அண்ணே, தலையில பட்டுச்சா?"

"லேசா. ஒன்னும் இல்லலா. மணி என்ன?"

"ரெண்டே கால்."

துண்டால் தலையைத் துவட்டினார். வலது காதுக்கு மேலே வீங்கியிருந்தது. "மணி என்ன?" என்றார்.

"ரெண்டே கால்ணே."

பலகையைத் துடைத்தார். போர்வையைச் சுற்றினார். "நீ எப்ப வந்த? மணி என்ன?"

என் கணவரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "அண்ணே, இன்னைக்குக் கண்டெய்னர் நம்பர் என்ன?" என்று கேட்டேன். ஆறு மாதத்துக்கு முந்தைய நம்பரைக்கூட எழுத்தும் எண்ணுமாகக் கடகடவென்று சொல்கிறவர். கண்ணை இரண்டு தடவை மூடித் திறந்தார்.

"கண்டெய்னரா? நான் இன்னும் ஏத்தலையே."

அவர் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாலையை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தார். லோரியைப் பார்த்ததும் ஓட்டத்தான் போகிறார் என்று புரிந்து, நான் ஓடினேன். சாவியை எப்போதும் சன் ஷேடுக்கு மேல் செருகிவைப்பார். டிரைவர் பக்கம் ஏறி அதை எடுத்துக்கொண்டு இறங்கும்போது அவர் எதிரே நின்றார்.

"சாவியக் குடு தேவி."

"தரமாட்டேண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"பதினோரு வருசமா ஓட்டுறேன். நீ எனக்குச் சொல்லித் தரியா?"

"மணி என்னன்னு சொல்லுங்க, தரேன்."

அவர் முகத்தில் ஒரு குழப்பம் வந்து நின்றது. "நீ சொல்லவே இல்லியே" என்றார். அடுத்த கணம் என் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். என்னிடம் குரல்கூட உயர்த்தாத மனிதர். எலும்பு உடைந்துவிடும்போல வலித்தது. நான் விரல்களைத் திறக்கவில்லை. என் கணவர் ஓடிவருவதற்குள் அவரே விட்டுவிட்டார். பிறகு, சாலையோரப் புல்லில் மெல்லக் கீழே உட்கார்ந்தார். யாரும் சொல்லாமல் அவர் தரையில் உட்கார்ந்தது என் கை வலியைவிட என்னைப் பயமுறுத்தியது. கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தார்.

குவாந்தான்வரை எங்கள் காடியில் அவரைத் தூங்கவிடாமல் கேள்வி கேட்டுக்கொண்டே போனேன். மனைவி பெயர், பிறந்த ஊர், முதலில் ஓட்டிய லோரி. பதில்கள் நீண்டு, நடுவில் அறுந்து, கடைசியில் நின்றுபோயின. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, மண்டையோட்டுக்கு உள்ளே ரத்தம் கட்டி மூளையை அழுத்துகிறது என்றார்கள். உடனே உள்ளே கொண்டுபோனார்கள். "ஓட்டிட்டு வந்திருந்தாரா?" என்று மருத்துவர் கேட்டார். "இல்ல" என்றேன். காராக் மலையிறக்கமும், முன்னால் போகிற சின்னச் சின்னக் காடிகளும் கண்முன் வந்தன. வெளியே போய் அவர் மனைவிக்குப் போன் செய்தேன்.

அவர் மனைவி தம்பியோடு வந்து சேர மாலையாகிவிட்டது. ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நான்தான்கா டிரிப் போட்டேன்" என்றேன்.

"தெரியும்."

வெகுநேரம் கழித்து என் மணிக்கட்டில் இருந்த நீலத்தைப் பார்த்தார். "அவரா?" என்றார். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, கட்டைவிரலால் தேய்த்துவிட்டுக்கொண்டே கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிழைத்துவிட்டார். கை கால் எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் கனரக வாகனம் ஓட்டக் கூடாது, எப்போது வேண்டுமானாலும் வலிப்பு வரலாம், குறைந்தது ஒரு வருடம் கடல் பக்கமே போகக் கூடாது என்றார்கள். அந்த விபத்துப் பாரத்தை நான்தான் எழுதினேன். தோள் நழுவிய கதையும் சேர்த்து எல்லாவற்றையும் எழுதினேன். முதலாளி படித்துவிட்டுப் பாரத்தை மடித்து வைத்தார். "அப்பவே சொல்லியிருக்கணும்" என்றார். அவ்வளவுதான். வேலையிலிருந்து எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம்.

மூன்று மாதம் கழித்து கிள்ளானில் அவர்களுடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போனேன். அக்கா வேலையை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தார். கூடத்து மூலையில் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தலையில் முடி வளர்ந்து, வளைந்த தழும்பைப் பாதி மறைத்திருந்தது. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். எட்டு அடி அங்கே, எட்டு அடி இங்கே. என் கையை முறுக்கியதை அவருக்குச் சொல்லியிருந்தார்கள் போல. அருகில் வந்து, "வலிச்சிருக்கும்லா" என்றார். "அதெல்லாம் போச்சிண்ணே" என்றேன்.

"எனக்கு அன்னைக்கு நடந்தது ஒன்னுமே ஞாபகம் இல்ல தேவி. காலையில இரும்பு ஏத்துனதுகூட இல்ல. பலகை மேல உட்கார்ந்தது இல்ல. சுத்தமா வெள்ளை." நடையை நிறுத்தினார். "நீ கரையில இருந்தியாம். கடைசியா நான் புடிச்ச அலை எப்படி இருந்துச்சி?"

மிஷின் சத்தம் நின்றது. அக்கா துணியைத் திருப்பவில்லை, நூலை வெட்டவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அதை அவருக்குச் சொல்ல எனக்கு வார்த்தை இருந்தது. சுவர்போல எழுந்த தண்ணீர், நீட்டிய கை, எழுந்து நின்ற மனிதர்கள். அதை அவரிடம் கொடுத்தால் மறுநாளே பஸ் ஏறிவிடுவார் என்று பயந்தேன்.

"பெருசா ஒன்னும் இல்லண்ணே" என்றேன். "சின்ன அலைதான். எழுந்திரிச்சீங்க, உடனே விழுந்துட்டீங்க."

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் ஏமாற்றம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஏதோ சந்தேகம் தீர்ந்தவர்போலத் தலையை ஆட்டினார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். நல்ல அலையா இருந்திருந்தா உடம்புக்காவது ஞாபகம் இருந்திருக்கும்." மறுபடி நடக்க ஆரம்பித்தார். "அப்ப நல்லதா ஒன்னு நான் இன்னும் புடிக்கவே இல்ல. சரிலா."

மிஷின் மெதுவாக ஓடத் தொடங்கியது. நான் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

ஒரு வருடம் ஆகட்டும் என்று மருத்துவர் சொன்னபடியே சரியாக ஒரு வருடம் காத்திருந்தார். அடுத்த ஜனவரியில், சைக்கிள்காரர்கள் போடுவது மாதிரி ஒரு தலைக்கவசம் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் போனார். இந்தத் தடவை அக்காவும் கூடவே போனார். பிறகு அங்கேயே போய்விட்டார்கள். குவாந்தான் பக்கத்தில் வாடகை வீடு. அக்கா அங்கே தைக்கிறார். அவர் பலகைக்கடைக்காரரிடம் உடைந்த பலகைகளை ஒட்டிக் கொடுக்கிறார், பருவம் வந்தால் கடலில் இறங்குகிறார். நான் அந்த வேலையை விட்டு ஷா ஆலாமில் ஒரு கிடங்கு அலுவலகத்துக்கு மாறிவிட்டேன். இப்போது நான் யாரையும் எங்கேயும் அனுப்புவதில்லை.

போன மழைக்காலத்தில் அக்கா வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். கணுக்காலில் கட்டுப்போட்டுக்கொண்டு அவர் ஒரு பலகையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். கீழே குரல்பதிவு. பின்னால் கடல் சத்தம் கேட்டது. "தேவி, நல்லா இருக்கீங்களா? இவருக்குக் கால் பிசகிடுச்சி, பயப்பட ஒன்னும் இல்ல. நிறுத்திக்கலாமேன்னு கேட்டா, நல்லது ஒன்னுகூட இன்னும் வரலையாம். வந்ததும் நிறுத்திடுவாராம்."

அதை மூன்று தடவை கேட்டேன். உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால், அது கிடைத்துவிட்டது என்று பலகையைக் கீழே வைப்பாரா, இல்லை, தான் பார்க்காத அந்த ஒன்றைத் தேடி இன்னும் தூரம் போவாரா என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். காலை நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மட்டும் பதில் அனுப்பினேன். இந்த வருடம் கிழக்குக்கரையில் மழை தொடங்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.